நாலாம் பக்கம்

ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கத்தை மாத்திக் கொண்டாம்மா, கையெழுத்துப் போட்டுத் தாறேன், அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்லிட்டு பொன்னுலிங்கம் சார் கதவைச் சாத்திட்டார். மணி ரெண்டு ஐம்பது. அவர் அறைக்கு வெளியே இந்த இரும்பு பெஞ்சில உக்காந்திருக்கேன், மடியில லேப்டாப், அதுக்கு மேல இருநூத்து நாப்பத்தி ரெண்டு பக்க ஆய்வேடு, ஸ்பைரல் போட்டது. அஞ்சு மணிக்கு ஆராய்ச்சிப் பிரிவு கவுண்டரை மூடிருவாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள். எட்டு வருஷம் முடியுது, ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு, மூணாவது கிடையாது. வழிகாட்டி கையெழுத்தோட இதைக் கொடுக்கலைன்னா செண்பகவல்லி, விலங்கியல் துறை, முழுநேர ஆய்வாளர், பதிவு ரத்து. அவ்வளவுதான், சோலி முடிஞ்சது. எட்டு வருஷமா வாய்க்கால் ஓரம் முட்டளவு தண்ணியில நின்னு நான் எண்ணின நத்தைங்களை ஒருத்தரும் எண்ணாத மாதிரி ஆயிரும். கல்லு பாவின வாய்க்கால்ல நத்தை எப்படிக் காணாமப் போகுதுன்னு வேற யாரும் எண்ணலை, நான் தேடிப் பாத்துட்டேன். அஞ்சு நிமிஷமாம். எந்த அஞ்சு நிமிஷம்? டைப் அடிக்க ஒரு நிமிஷம், கீழ ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுக்க, கூட்டம் இல்லைன்னா நாலு நிமிஷம், படியேற ரெண்டு. ஏழு ஆச்சு. பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்னு அவர் சேர்க்கவே இல்லை. எனக்கு அதுக்கு ரொம்ப நேரம் ஆகும். மத்தவங்களுக்கு அது மூச்சு விடுற மாதிரி வருது, எனக்கு ஒவ்வொரு பொய்யும் தொண்டையில மீன் முள்ளு மாதிரி குறுக்க நிக்கும்.

அப்படி என்னத்தை எழுதிட்டேன்? நன்றியுரை. நாலாம் பக்கம். இங்கிலீஷ்ல எழுதினது, தமிழ்ல சொன்னா இதுதான்: எட்டு ஆண்டுகளில் என் வழிகாட்டி பேராசிரியர் பொன்னுலிங்கம் என்னைப் பதினோரு முறை சந்தித்தார், மூன்றாவது சந்திப்பில் மதகுக்கு மேலேயும் கீழேயும் நத்தைகளைத் தனித்தனியாக எண்ணச் சொன்னார், அது பயனுள்ள யோசனை, அதற்கு நன்றி. இதுல என்ன தப்பு? நான் கிண்டல் பண்ணலை. சாமி சத்தியமா கிண்டல் பண்ணலை, எனக்குக் கிண்டல் பண்ணத் தெரிஞ்சிருந்தா இந்தக் கட்டடத்துல எட்டு வருஷம் எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். மதகு யோசனை உண்மையிலேயே நல்ல யோசனை. அன்னைக்கு வீட்டுக்குப் போய் சந்தோஷத்துல ரெண்டு தட்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். சரி, அவர் எப்படி இதைப் படிச்சார்னு கேட்டா, அங்கதான் என் மண்டையை நானே முட்டிக்கணும். அவர் எதையுமே படிக்கமாட்டார். மூணாம் அத்தியாயத்தைக் கொடுத்தேன், ரெண்டு மாசம் கழிச்சு அதே மடிப்போட திரும்பி வந்துச்சு. நன்றியுரையையும் படிச்சிருக்கமாட்டார். நூலகத்துல இந்தத் துறையோட ஆய்வேடு அறுபத்திமூணு இருக்கு, அறுபத்திமூணு நன்றியுரையையும் நான் படிச்சேன், எப்படி எழுதுறதுன்னு தெரிஞ்சுக்க. அம்பத்தெட்டுல ஒரே பத்தி. தந்தையினும் மேலாக, அயராத ஊக்கம், இரவு பகல் பாராத வழிகாட்டுதல். ஒருத்தர் எழுதினதை அடுத்தவர் எடுத்துப் பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. ஒரு ஆய்வேட்டுல பேரை மாத்தவே மறந்துட்டாங்க. பொன்னுலிங்கம் சாரோட மாணவர், வேற ஊருல, வேற காலேஜ்ல இருக்குற வேற ஒரு பேராசிரியருக்கு, தந்தையினும் மேலாகன்னு நன்றி சொல்லியிருக்கார். சார் அதுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கார், பச்சை மையில. அந்த ஆளு இப்ப ஒரு காலேஜ்ல முதல்வர். ஆனா என்னுதை மட்டும் படிச்சார். ஏன்னா நான்தான் படிக்கச் சொன்னேன். போன திங்கக்கிழமை கூறுகெட்டவ மாதிரி உள்ள போய், சார், நாலாம் பக்கத்துல ஒரு எண் இருக்கு, பதினொண்ணுன்னு போட்டிருக்கேன், என் டைரிப்படி அதான் வருது, உங்க டைரியோட ஒருதடவை சரிபார்த்துச் சொல்லுங்கன்னு கேட்டேன். தரவுன்னா ரெண்டு பேர் சரிபார்க்கணும், அவர்தான் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தது. அவர் கண்ணாடியை மாட்டினார். எட்டு வருஷத்துல நான் எழுதினதுல அவர் முழுசாப் படிச்ச பக்கம் அதுதான்.

மாடிப்படி பக்கம் யாரோ இரும்பு பீரோவை இழுக்குறாங்க. அந்தச் சத்தம் பல்லுக்குள்ள போகுது. காதை மூடினா வராண்டாவுல போறவங்க பாப்பாங்க, பாத்துட்டு அந்தச் சிரிப்பைச் சிரிப்பாங்க, அதனால கையை மடிச்சு விரல் நுனியை மாத்தி மாத்தி அழுத்திக்கிட்டு இருக்கேன், ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நாலு மூணு ரெண்டு ஒண்ணு. என்கிட்ட சர்டிபிகேட் இருக்கு. இருபத்தெட்டு வயசுல கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மூணு நாள் உக்காந்து வாங்கினது, ஆட்டிசம்னு போட்டு, சீல் வெச்சு. எனக்கு அப்ப ஒரே நிம்மதி, நான் திமிர் பிடிச்சவ இல்லை, எனக்கு ஒரு பேரு இருக்குன்னு. சேரும்போதே காப்பி கொடுத்தேன். மூணே மூணு விஷயம் கேட்டேன்: சொல்றதை எழுதிக் கொடுங்க, தேதி மாறினா முன்னாடியே சொல்லுங்க, ஜெனரேட்டர் பக்கத்துல இல்லாம வேற எங்கயாவது ஒரு மேசை கொடுங்க. சம வாய்ப்பு மையத்துல இருந்து ஏழு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு. விண்ணப்பதாரர் சக்கர நாற்காலி பயன்படுத்தாததால் சிறப்பு ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லைன்னு. அந்தக் கடுதாசியை நான் இன்னும் வெச்சிருக்கேன். நேர்ல போனேன். என்னம்மா, அதான் சாய்தளம் கட்டியிருக்கோமேன்னாங்க. எனக்கு எதுக்குங்க சாய்தளம், எனக்கு நடக்கத் தெரியும்னு சொன்னேன். அப்போ உனக்கு என்னதாம்மா பிரச்சினை, பாத்தா நல்லாத்தானே இருக்கியேன்னாங்க. அதுக்கப்புறம் தரமதிப்பீட்டுக் குழு வந்தப்ப ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அந்தச் சாய்தளத்து மேலயே என்னை நிக்க வெச்சு போட்டோ எடுத்து, அறிக்கையில போட்டாங்க. சிரிம்மான்னாங்க, சிரிச்சேன். தேர்வுக்குத் தனி அறை கேட்டா எனக்கு பதிலா எழுத ஒரு பொண்ணை அனுப்பினாங்க, படிவத்துல அந்தக் கட்டம்தான் இருக்காம். பாவம் அது மூணு மணி நேரம் என் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு, வளையல் கிலுகிலுன்னு. கருத்தரங்குல என் புள்ளிவிவரத்தை ஒருத்தர்கூடக் கேள்வி கேக்கலை, கண்ணைப் பாத்துப் பேசலைன்னு மார்க்கைக் குறைச்சாங்க. கண்ணைப் பாத்தா வாயில பேச்சு வராது, பேசினா கண்ணைப் பாக்க முடியாது, எது வேணும்னு சொல்லுங்கய்யா, ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். இந்த மொத்தக் கட்டடத்துலயும், எண்ணிப் பாத்தா, என் கஷ்டம் தெரிஞ்சவங்க ஒரே ஒருத்தங்க. ஆராய்ச்சிப் பிரிவு கவுண்டர்ல இருக்குற அமலோற்பவம் அக்கா. அங்க ஒரு ட்யூப்லைட் விடாம மினுக்கிக்கிட்டே இருக்கும், எனக்கு அது கண்ணுக்குள்ள ஊசி. நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு கவுண்டர்ல நின்னதைப் பாத்துட்டு அந்தக்கா ஒண்ணும் கேக்கலை. எந்திரிச்சுப் போய் சுவிட்சை அணைச்சுட்டு வந்து, இப்ப சொல்லுன்னாங்க. மனு இல்லை, சர்டிபிகேட் இல்லை, ஏழு மாசம் இல்லை. அதுல இருந்து எப்ப போனாலும், என் தலையைப் பாத்ததும் எந்திரிச்சுருவாங்க. இதுவரைக்கும் பதினஞ்சு தடவை.

மூணு நாப்பது. கோமதி வந்து பக்கத்துல உக்காந்தா, எனக்கு அப்புறம் சேர்ந்த ஜூனியர், நல்ல பொண்ணு, ஆனா பேசும்போது தோளைத் தொடுவா. "அக்கா, இன்னுமா முடிக்கலை? என் நன்றியுரையை வாட்ஸ்அப்ல போட்டுருக்கேன்லா, அப்படியே ஒட்டிக்கிட வேண்டியதுதானே." அதுல இரவு பகல் பாராதுன்னு இருக்கே கோமதி, சார் தினம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிருவாரே, இன்னைக்கு மட்டும்தானே இதுக்காக இருக்கார்னேன். "யாருக்கா அதையெல்லாம் பாக்கா? கல்யாணப் பத்திரிகையில தங்கள் நல்வரவை விரும்பும்னு போடுதோம், எல்லாரையும் விரும்பியா போடுதோம்?" எனக்கு அது புரியுது. புரியாதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அது ஒரு வழக்கம், அதுல யாரும் யாரையும் ஏமாத்தலை, எழுதுறவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். அப்போ ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பொய்யை எதுக்கு மெனக்கெட்டு அடிக்கணும்? "ரெண்டு அர்த்தம் வாற மாதிரி நைசா எழுதிருங்க." எனக்கு ஒரு அர்த்தம் எழுதவே எட்டு வருஷம் ஆச்சு, போடி. அவ சிரிச்சா, அப்புறம் என் முகத்தைப் பாத்து நிறுத்திட்டா. "அக்கா, சாருக்கும் இது வேணும். உங்க பதிவு ரத்தானா அவர் பேருக்குக் கீழதான் முடிக்காத ஆய்வாளர்னு வரும். ஆனா அவருக்கு வீம்பு. நீங்கதான் எறங்கிப் போகணும்." சொல்லிட்டுப் போயிட்டா. சரி, எறங்கிப் போறேன். லேப்டாப்பைத் திறந்தேன். அவ அனுப்பினதை ஒட்டினேன். பேரை மாத்தினேன். தந்தையினும் மேலாக. எங்க அப்பா பஸ் டிப்போவுல மெக்கானிக், நான் சத்தத்துக்கு அழுவேன்னு மிக்ஸியைக் கொல்லைப்புறத்துல கொண்டு வெச்சு, மழைக்காலத்துல சாக்கைப் போட்டு மூடி வெச்சவர். அவருக்கு மேலயாம். கை அப்படியே நின்னு போச்சு. வேண்டாம், இதை யோசிக்காத, பிரிண்ட் எடு, கீழ போ. போக எந்திரிச்சப்ப அடுத்த பக்கம் கண்ணுல பட்டுத் தொலைச்சுது. அஞ்சாம் பக்கம், உறுதிமொழி. இந்த ஆய்வேட்டில் உள்ளவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மையெனச் சான்றளிக்கிறேன். கீழ என் கையெழுத்து, போன வாரமே போட்டது, நீல மையில. அனைத்தும்னு போட்டிருக்கு. நாலாம் பக்கம் தவிரன்னு போடலை.

அனைத்தும். அனைத்தும். இந்த ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டு இருபத்திரெண்டு நிமிஷம் போச்சு. எனக்கு இது ஆகும், ரெக்கார்டுல முள்ளு மாட்டின மாதிரி ஒரே இடத்துல சுத்தும், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு சும்மா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குற மாதிரித் தெரியும், உள்ள நான் நாயா ஓடிக்கிட்டு இருப்பேன். பொய்யை வெச்சா உறுதிமொழி பொய். உண்மையை வெச்சா கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லைன்னா நத்தை இல்லை. வெளிய ஒரே கருக்கல், மழை கட்டிக்கிட்டு வருது, ஜன்னல் வழியா வேப்பமரம் கறுப்பாத் தெரியுது. மழை வந்தா கரண்ட் போகும், கரண்ட் போனா ஜெனரேட்டர் போடுவாங்க, போட்டா நான் முடிஞ்சேன், ஒரு வார்த்தை வராது. சீக்கிரம் யோசி. பயமா இருக்கு. எனக்கு வயசு முப்பத்தெட்டு, இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, வேற ஒண்ணும் வேண்டவும் வேண்டாம். விதிமுறைப் புத்தகம். ஐயோ, அதை எப்படி மறந்தேன், நாப்பத்தெட்டு பக்கத்தையும் மனப்பாடமா வெச்சிருக்கேன், என்னைத் தவிர இந்த வளாகத்துல யாரும் படிச்சதில்லை. விதி பதினேழு, உட்பிரிவு மூணு: நன்றியுரை இடம்பெறலாம், ஒரு பக்கத்துக்கு மிகக்கூடாது. இடம்பெறலாம். இடம்பெற வேண்டும்னு இல்லை. ஸ்பைரலைத் திருகி நாலாம் பக்கத்தை உருவினேன், விரல்ல கம்பி கீறிடுச்சு. மூணுக்கு அப்புறம் அஞ்சு. அப்படி விட முடியாது, எண் விடுபட்டா வாங்கமாட்டாங்க, உள்ளடக்கத்துல வேற நாலுன்னு போட்டிருக்கு. பையில இருந்து வெள்ளைத்தாள் ஒண்ணு எடுத்து, ஊக்கால ஓட்டை குத்தி, அந்த இடத்துல கோத்து, கீழ நடுவுல நாலுன்னு எழுதினேன். வெள்ளைத்தாள் பொய் சொல்லாது. மணி நாலு முப்பத்தொண்ணு. கதவைத் தட்டினேன்.

அவர் நேரா அந்தப் பக்கத்துக்குத்தான் போனார். எட்டு வருஷத்துல முதல் தடவையா எந்தப் பக்கம் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. "என்னம்மா இது?" நன்றியுரையை எடுத்துட்டேன் சார், விதி பதினேழு உட்பிரிவு மூணு, கட்டாயம் இல்லைன்னேன். இதைப் பெஞ்சில ஏழு தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் உள்ள போனேன், அதனால ஒரே மூச்சுல வந்துச்சு. அவர் முகம் சிவந்துச்சு. முகத்தைப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குப் பேரு, ஆனா சிவப்பு தெரியும். "வெளியில இருந்து வாற எக்ஸாமினர் மொதல்ல அந்தப் பக்கத்தைத்தான் பொரட்டுவார். வழிகாட்டிக்கு ஒரு வரி நன்றி இல்லைன்னா என்னைப் பத்தி என்ன நெனைப்பார்? நாலு நல்ல வார்த்தை எழுத உனக்கு அவ்வளவு கசக்குதா?" கசக்கலை சார், மூணாம் அத்தியாயத்துல இருக்கு, எழுபத்தொண்ணாம் பக்கம் அடிக்குறிப்பு, மதகு யோசனை உங்களோடதுன்னு பேரு போட்டு நன்றி சொல்லியிருக்கேன்னேன். எழுபத்தொண்ணைத் திருப்புவார்னு நெனைச்சேன். திருப்பலை. கடிகாரத்தைப் பாத்தார். நாலு முப்பத்தெட்டு. பச்சை மை பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். அப்புறம் சான்றிதழ் பக்கத்துல, இந்த ஆய்வு முழுவதும் என் நேரடி மேற்பார்வையிலும் தொடர்ந்த வழிகாட்டுதலிலும் நடைபெற்றதுன்னு அச்சடிச்சிருக்கே, அதுக்குக் கீழ, வளைச்சு ஒரு கோடு கூடப் போட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் தொண்டையில முள்ளு எதுவும் குத்தின மாதிரி தெரியலை. ஆய்வேட்டை மேசையில தள்ளிவிட்டார். "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மனுஷங்க மேல ஒட்டுதலே இருக்காதுன்னு எங்கயோ படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்கான். நன்றின்னா என்னன்னே உங்களுக்கெல்லாம் தெரியாது." எனக்குப் பதில் இருந்துச்சு. நிறைய இருந்துச்சு. எல்லாம் ஒரே நேரத்துல வாசல்ல வந்து முட்டி ஒண்ணும் வெளிய வரலை. வலிச்சுது. வலிக்காதுன்னு நெனைச்சுத்தான் சொல்லியிருப்பார். இல்லை, வலிக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னாரா, எனக்கு அது என்னைக்கும் பிடிபடாது. ஆய்வேட்டை எடுத்துக்கிட்டு ஓடினேன்.

சாய்தளம் வழியாத்தான் ஓடினேன், படியில கூட்டம். முதல் தடவையா அது எனக்கு உதவுச்சு, சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ஆராய்ச்சிப் பிரிவுல நுழையும்போது நாலு ஐம்பத்தொண்ணு. ட்யூப்லைட் மினுக்குது, வெளிய இருட்டினதால இன்னும் மோசமா மினுக்குது. அமலோற்பவம் அக்கா என்னைப் பாத்தாங்க, எந்திரிச்சாங்க, போய் அணைச்சாங்க. பின்னால இருந்து ஒரு குரல், "யாருப்பா அது லைட்டை அணைச்சது, ஒரு எழவும் தெரியலை!" அக்கா திரும்பாமலே, "ரெண்டு நிமிஷம் சும்மா கெடங்க, பிள்ளை தீசிஸ் கொடுக்க வந்துருக்கு." செல்போன் டார்ச்சைப் போட்டு, வெளிச்சம் என் பக்கம் அடிக்காம உள்ளங்கையால மறைச்சுக்கிட்டு, சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து ஒவ்வொண்ணா டிக் போட்டாங்க. பன்னெண்டாவது கட்டத்துல நின்னாங்க. "என்னம்மா, நாலாம் பக்கம் வெத்தாக் கெடக்கு?" நன்றியுரை இருந்துச்சுக்கா, எடுத்துட்டேன். "வெற்றுப் பக்கம் இல்லைன்னு இதுல இருக்குல்லா. நான் பொய்யா டிக் போடமாட்டேன் பாத்துக்கோ." எனக்கு யாரையும் கட்டிப்பிடிக்கப் பிடிக்காது, ஆனா அந்த நிமிஷம் அந்தக் கவுண்டர் கண்ணாடி இல்லைன்னா என்ன செஞ்சிருப்பேன்னு தெரியாது. "முழிச்சுக்கிட்டு நிக்காத, ஆறு நிமிஷம் இருக்கு. கையால எழுதினாலும் எடுத்துக்கிடுவேன். என்னத்தையாவது ஒரு வரி எழுது." பேனாவைத் தள்ளிவிட்டாங்க. என்னத்தையாவது எனக்கு எழுத வராதே அக்கா. ஆனா யோசிக்கவும் இல்லை. கை தானா எழுதுச்சு, தமிழ்லயே: கடந்த நான்கு ஆண்டுகளில் ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான் வந்த பதினாறு முறையும், நான் கேட்காமலேயே, மினுக்கும் விளக்கை அணைத்த திருமதி அமலோற்பவம் அவர்களுக்கு நன்றி. எண்ணைத் திரும்ப ஒருதடவை மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன். பதினாறுதான். திருப்பி வெச்சேன். அக்கா டார்ச்சைப் பக்கத்துல கொண்டுபோய்ப் படிச்சாங்க. படிச்சு முடிக்க அவ்வளவு நேரம் ஆகாது, ஒரு வரிதான், ஆனா குனிஞ்ச தலை நிமிரலை. "ஏட்டி, என் பேரை எதுக்குப் போட்ட?" தரவு சரியான்னு பாருங்கக்கா, பதினாறுன்னு போட்டிருக்கேன்னேன். "நான் எங்க எண்ணினேன்." மூக்கை உறிஞ்சினாங்க. ஜலதோஷமா, வேற எதாவதான்னு எனக்குத் தெரியலை, கேக்கவும் இல்லை. மழை விழ ஆரம்பிச்சுது. அக்கா அந்தப் பக்கத்தை ஒருதடவை விரலால நீவி விட்டுட்டு, பன்னெண்டாவது கட்டத்துல டிக் போட்டாங்க.